மொட்டை மாடியில் ஒரு புதிய செம்பருத்தி: செடி சேர்ப்பதிலிருந்து சொந்தக் கலப்பினம் பூப்பது வரை

பூச்செடி சேர்ப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் நர்சரியில் புதிதாக ஒன்றுமே இல்லை என்று தோன்றிவிடும். ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சுற்றிவிட்டு வெறுங்கையோடு திரும்பும் அந்த நாளில்தான், நாமே ஒரு ரகத்தை உண்டாக்கினால் என்ன என்ற எண்ணம் பெரும்பாலோருக்கு வருகிறது. உண்டாக்கலாம். அதற்கு ஆய்வுக்கூடமோ தாவரவியல் பட்டமோ தேவையில்லை. ஒரு கத்தரிக்கோல், ஒரு பென்சில், ஒரு நோட்டுப் புத்தகம், காலை ஒன்பது மணிக்கு மொட்டை மாடியில் நிற்க அரை மணி நேரம் ஆகியவை போதும். இவற்றில் நோட்டுப் புத்தகத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து அழகான பூ ஒன்று மலர்ந்த பிறகு, அதன் பெற்றோர் யார் என்று தெரியாமல் நிற்பது அதனால்தான்.

எந்தப் பூவில் தொடங்குவது

ஆசை பெரும்பாலும் ரோஜாவின் மேல்தான் இருக்கும். ஆனால் ரோஜா விதையைப் பல வாரங்கள் ஈரத்தோடு குளிர்ப்பதனப் பெட்டியில் வைத்த பிறகே விதைக்க வேண்டும், அப்படியும் பாதிக்கு மேல் முளைக்காமல் போவது சாதாரணம். ஆர்க்கிட் விதை தூசியைப் போன்றது. அதில் சேமித்து வைத்த உணவே இல்லாததால், இயற்கையில் பூஞ்சையின் துணையோடும் நம் கையில் கிருமி நீக்கிய கண்ணாடிக் குடுவையிலும்தான் அது முளைக்கும். அமரில்லிஸ் கிழங்குச் செடியில் கலப்பு செய்வது குழந்தை விளையாட்டு, ஆனால் விதையிலிருந்து பூவைப் பார்க்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும்.

செம்பருத்தியில் இந்தச் சிக்கல்கள் குறைவு. பூவின் உறுப்புகள் பூதக்கண்ணாடி இல்லாமலே தெரியும் அளவுக்குப் பெரியவை, மகரந்தத் துகள்களைக் கூட வெறுங்கண்ணால் மஞ்சள் பொடிமணிகளாகப் பார்க்கலாம். ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு செடி பூத்துக்கொண்டே இருப்பதால், இன்று தவறினால் அடுத்த வாரம் முயலலாம். விதை போட்ட பத்து முதல் பதினெட்டு மாதங்களுக்குள் முதல் பூ வந்துவிடுகிறது.

கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரு இந்த வேலைக்கு ஏற்ற ஊர். வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும்போது செம்பருத்தியின் மகரந்தம் சரியாக வேலை செய்வதில்லை, பிடித்த காயும் உதிர்கிறது. சென்னையில் இருக்கும் என் தம்பி சித்திரையில் செய்த கலப்புகள் ஒன்றுகூடத் தேறாததற்கு அவனுடைய கை காரணமல்ல, வெயில்தான் காரணம். பெங்களூரிலும் மார்ச் பிற்பாதியும் ஏப்ரலும் வீண்தான். மற்ற மாதங்களில் மழை விட்ட நாளாகப் பார்த்துச் செய்யலாம்; அக்டோபர் மாத இறுதியிலிருந்து பிப்ரவரி வரை எனக்குக் காய் நன்றாகப் பிடித்திருக்கிறது.

செடிகளைச் சேர்ப்பது

வீட்டு வாசலில் நிற்கும் சிவப்பு ஒற்றைச் செம்பருத்தியை வைத்தே தொடங்கிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். அந்த நாட்டுச் செம்பருத்தி ஆண்டு முழுவதும் பூத்தாலும் காய்ப்பது மிக அரிது. நூறு முறை மகரந்தம் வைத்தும் ஒன்றும் நடக்காமல், தன் கையில்தான் கோளாறு என்று நம்பி இந்த முயற்சியையே கைவிட்டவர்களை எனக்குத் தெரியும். அதன் அருமை வேரில் இருக்கிறது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இதற்கான காரணம் செடியின் வரலாற்றிலேயே உள்ளது. லின்னேயஸ் 1753-ஆம் ஆண்டில் ஹைபிஸ்கஸ் ரோசா-சைனென்சிஸ், அதாவது சீன ரோஜா, என்று பெயரிட்ட இந்தச் செடி, பல நூற்றாண்டுகளாக மனிதர் குச்சி வெட்டி நட்டுக் கைமாற்றி வந்த தோட்டச்செடி. பிற்காலத்தில் ஹவாய்த் தீவுகளின் மணமுள்ள வெள்ளைச் செம்பருத்தி, கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த, கிழிந்த இதழ்களோடு ஜிமிக்கி போலத் தொங்கும் செம்பருத்தி, மொரீஷியஸ் பக்கத்துத் தீவுகளின் இனங்கள் எனப் பலவும் இதோடு கலக்கப்பட்டன. ஆகவே இன்று செம்பருத்தி என்ற ஒரே பெயரில் நாம் வாங்கும் ரகங்களுக்குள் குரோமோசோம் எண்ணிக்கையே பெரிதும் வேறுபடுகிறது. சில இணைகள் சேரும், சில இணைகள் சேரவே சேராது. எது எது என்பதைச் செய்து பார்த்துத்தான் அறிய முடியும்.

தொடக்கத்துக்கு எட்டு முதல் பத்து ரகங்கள் போதும். அவற்றில் குறைந்தது ஐந்து ரகங்கள் ஒற்றை இதழ் வரிசை கொண்டவையாக இருக்கட்டும். அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தத் தாள்களே கூடுதல் இதழ்களாக மாறியிருப்பதால், மகரந்தமும், அதை ஏற்கும் நுனியான சூல்முடியும் குறைபட்டோ மறைந்தோ இருக்கும். அதைத் தந்தையாக, அதாவது மகரந்தம் தரும் செடியாக, ஓரளவு பயன்படுத்தலாம்; தாயாக, அதாவது காய் தாங்கும் செடியாக, ஆக்குவது கடினம்.

பெங்களூரில் செடி தேட மூன்று வழிகள் உண்டு. லால்பாக்கை ஒட்டிய சித்தாபுரம் பகுதியில் நர்சரிகள் வரிசையாக இருக்கின்றன; புனேயிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் வரும் ஒட்டுச் செடிகள் அங்கே கிடைக்கும். குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி லால்பாக்கில் நடக்கும் மலர்க் கண்காட்சிகளின்போது கடைகள் இன்னும் கூடும், விலையும் கூடும். ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் செம்பருத்தியில் கலப்பின ரகங்களை வெளியிட்டிருக்கிறது. நம் தட்பவெப்பத்திலேயே பிறந்து வளர்ந்த அவற்றில் ஒன்று கிடைத்தால், அயல்நாட்டுப் பெயர் தாங்கிய மூன்று செடிகளை விட்டுக்கொடுக்கலாம் என்பது என் கருத்து.

மூன்றாவது வழி மல்லேஸ்வரம், பசவனகுடி, அல்சூர் போன்ற பழைய பகுதிகளின் வீட்டுத் தோட்டங்கள். கன்னடத்தில் தாசவாளம் என்பார்கள். நாற்பது ஐம்பது ஆண்டுகளாக யாரும் உரமே போடாமல் மதிலோரத்தில் நின்று பூக்கும் ஒரு தாசவாளம், நோயையும் வறட்சியையும் தாங்கும் குணம் கொண்டது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. மல்லேஸ்வரத்தில் அப்படி ஒரு வெளிர் ரோஸ் நிறச் செடியைப் பார்த்து அழைப்பு மணியை அழுத்தியபோது கதவைத் திறந்த பாட்டி, நான் தட்டுத்தடுமாறிக் கன்னடத்தில் கேட்டு முடிப்பதற்குள், “தமிழா? குச்சி எத்தனை வேணுமோ வெட்டிக்கோப்பா, பூவை மட்டும் விட்டுடு, சுவாமிக்கு வேணும்” என்றார். இன்று என்னிடம் உள்ள தாய்ச்செடிகளில் அதிகம் காய்ப்பது அதுதான். கேட்காமல் மட்டும் ஒடிக்காதீர்கள், பூங்காக்களில் ஒடிப்பது குற்றமும்கூட. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் விதையோ குச்சியோ கொண்டுவரச் சொல்வதும் சரியல்ல. 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும்.

வாங்கி வந்த செடியை உடனே மற்ற செடிகளோடு சேர்க்காமல், மூன்று நான்கு வாரம் மாடியின் மறுகோடியில் தனியாக வையுங்கள். செம்பருத்தியின் பெரும் பகை மாவுப்பூச்சி. இலைக்காம்பின் இடுக்கில் பஞ்சுத்துணுக்கு போல ஒட்டியிருப்பதை நர்சரியில் நாம் கவனிப்பதில்லை. எறும்புகள் வரிசையாக ஏறத் தொடங்கிய பிறகே கவனிக்கிறோம். ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டுத் திரவச் சோப்பும் கலந்து, மாலை வேளையில் வாரம் ஒரு முறை தெளித்துவந்தால் பெரும்பாலும் அடங்கும்.

பூவைப் படிப்பது

கலப்பு செய்வதற்கு முன் ஒரு பூவைப் பறித்துப் பிரித்துப் பாருங்கள். நடுவில் நீண்டிருக்கும் தண்டு உண்மையில் ஒரு குழல். அதன் வெளிப்புறத்தில் சிறு காம்புகளில் மகரந்தப்பைகள் ஒட்டியிருக்கும்; குழலுக்குள்ளே சூல்தண்டு ஓடி, நுனியில் ஐந்து கிளைகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றின் தலையிலும் வெல்வெட்டுப் பொட்டு போன்ற ஒரு சூல்முடியோடு முடியும். அடியில், பச்சைப் புல்லி இதழ்களுக்குள் மறைந்திருப்பது ஐந்து அறைகள் கொண்ட சூலகம். மகரந்தம் அந்த வெல்வெட்டுப் பொட்டில் ஒட்டி, சூல்தண்டின் முழு நீளத்தையும் ஊடுருவிக் குழாய் விட்டு, சூலகத்தை அடைந்தால்தான் விதை உண்டாகும். பெரிய பூவின் சூல்தண்டு மிக நீளமானது, சிறிய பூவின் மகரந்தக் குழாய் சில சமயம் அந்தத் தூரத்தைக் கடக்காது. ஆகையால் பூவின் அளவில் பெரிய வேறுபாடு இருந்தால் சிறிய பூச்செடியைத் தாயாக வைப்பது நல்லது.

பூ விடியற்காலையில் விரியத் தொடங்கும். சாதாரண ரகங்களில் அன்று மாலையே வாடிவிடும், சில கலப்பினங்களில் இரண்டு நாள் நிற்கும். பூ விரிந்து வெயில் பட்டதும் மகரந்தப்பைகள் வெடிக்கின்றன. சூல்முடிகள் சற்றுத் தாமதமாக, ஒன்பது மணிக்கு மேல், தடவினால் ஒட்டும் பக்குவத்துக்கு வருகின்றன. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை நமக்கான நேரம்.

என்ன வேண்டும் என்று முதலில் எழுதிவையுங்கள்

கையில் பத்துச் செடிகள் இருந்தால் தொண்ணூறு வகையான இணைகள் சாத்தியம். எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் கலக்கத் தோன்றும். நானும் முதல் ஆண்டில் அதைத்தான் செய்தேன், மாடி நிறைந்ததைத் தவிர வேறு பலன் இல்லை. ஒரு பருவத்துக்கு ஒரே குறிக்கோள் போதும். ஆந்திராவில் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்து பணியை விட்டுக் கொடைக்கானலில் குடியேறிய வீரராகவனும் அவர் மனைவி கிரிஜாவும், வெப்பநாட்டில் தாக்குப்பிடிக்கும் ரோஜா வேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடு, ரோசா ஜைஜான்டியா, ரோசா கிளைனோஃபில்லா என்ற இரண்டு காட்டு ரோஜாக்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து பயன்படுத்தினார்கள். கரும்பை வேறு புல்லினங்களோடு கலந்து ஆராய்ந்த தாவரவியலாளர் ஜானகி அம்மாளின் பெயரைத் தாங்கிய ரோஜாவும் அவர்கள் தோட்டத்தில் பிறந்ததுதான்.

குறிக்கோள் சிறியதாக இருக்கலாம். “மல்லேஸ்வரம் ரோஸ் செடியின் வலிமையோடு மஞ்சள் நிறம்” என்பது என் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கும் வரி. பெற்றோரைத் தேர்வதில் நான் பின்பற்றும் விதி இது: தாய் எளிதில் காய்ப்பதாகவும், சொந்த வேரில் நன்றாக வளர்வதாகவும், மொட்டு உதிர்க்காததாகவும் இருக்க வேண்டும், நிறமும் வடிவமும் தந்தையிடமிருந்து வரட்டும். நர்சரியில் கண்ணைப் பறிக்கும் பெரிய பூ ரகங்களில் பல, ஒட்டுக்கட்டிய வேரின் தயவில்தான் உயிர் வாழ்கின்றன. அப்படிப்பட்ட இரண்டைச் சேர்த்தால் பிள்ளைகளும் நோஞ்சானாகவே பிறக்கும்.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். இது பெயிண்டு கலப்பதைப் போன்றதல்ல. செம்பருத்தியில் மஞ்சளைத் தருபவை கரோட்டினாய்டுகள், சிவப்பையும் ஊதாவையும் தருபவை ஆந்தோசயனின்கள். இவை இதழில் தனித்தனியே உண்டாகி ஒன்றன்மேல் ஒன்று தெரிவதால், இரண்டும் சேர்ந்த பிள்ளையில் ஆரஞ்சும் வரலாம், செங்கல் பழுப்பும் வரலாம், காபிப்பொடி நிறமும் வரலாம். பெற்றோர் இருவருமே பல தலைமுறைக் கலப்பினங்கள் என்பதால், ஒரே காயிலிருந்து வந்த பத்து விதைகளும் பத்து விதமாகப் பூக்கும்.

வெண்டைக்காயும் இதே குடும்பந்தானே, அதோடு கலக்க முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம், நேரம்தான் விரயம்.

கலப்பு செய்யும் நாள்

முந்தைய மாலையில் மாடிக்குப் போய், மறுநாள் விரியப்போகும் மொட்டுகளை அடையாளம் காணுங்கள். அவை நன்கு நீண்டு, நிறம் வெளியே தெரிய, முறுக்கு லேசாகத் தளர்ந்திருக்கும். தாயாகப் போகும் மொட்டில் ஒரு வண்ண நூலைக் கட்டிவிடுங்கள். தெருவைப் பார்த்த மதிலோரச் செடியை மட்டும் தாயாகத் தேர்ந்தெடுக்காதீர்கள். நான் அப்படி நூல் கட்டிவைத்த நான்கு மொட்டுகளும் விடிவதற்குள், காலை நடைக்கு வந்த யாரோ ஒருவருடைய பூஜைக் கூடைக்குள் நூலோடு போய்விட்டன. சாமியைக் கோபித்துக்கொள்ள முடியாது. செடியைத்தான் மாடிக்கு ஏற்றினேன்.

காலை ஏழு மணிக்குள், தாய்ப்பூவின் மகரந்தப்பைகள் வெடிப்பதற்கு முன், குழலில் ஒட்டியிருக்கும் அவற்றை நுனி கூரான கத்தரிக்கோலால் நறுக்கி எடுத்துவிடுங்கள். அதன் பிறகு நான் தாய்ப்பூவின் இதழ்களையும் பாதிக்கு மேல் வெட்டிவிடுவேன். பார்ப்பதற்குப் பரிதாபமாக இருந்தாலும், நிறத்தைக் கண்டு வரும் தேன்சிட்டும் வண்டும் அந்தப் பூவைக் கண்டுகொள்ளாமல் போய்விடும். பெங்களூரில் தேன்சிட்டு வராத மாடி அபூர்வம் என்பதால் இதைப் புறக்கணிக்க வேண்டாம்.

ஒன்பது மணிக்குத் தந்தைப்பூவைக் காம்போடு பறித்து, இதழ்களை உரித்துவிட்டு, நடுக்குழலையே தூரிகையாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஓவியத் தூரிகை வேண்டாம். அதன் மயிரில் தங்கும் முந்தைய பூவின் மகரந்தம் கணக்கைக் குழப்பிவிடும். தாயின் ஐந்து பொட்டுகளையும் தந்தையின் மகரந்தப்பைகளால் மெதுவாகத் தொட்டு உருட்டினால், சிவந்த வெல்வெட்டின் மேல் மஞ்சள் மணிகள் அப்படியே ஒட்டிக்கொள்வதைக் காணலாம். பொட்டின் நிறம் மறையும் வரை பூசுங்கள். ஒன்றில் மட்டும் பூசினாலும் காய் பிடிக்கலாம், ஆனால் ஐந்திலும் பூசினால்தான் விதை எண்ணிக்கை கூடும். வேறு தந்தையைத் தொடும் முன் விரல்களைத் துடைத்துக்கொள்ளுங்கள். மகரந்தத்தில் தண்ணீர் பட்டால் துகள்கள் வெடித்துப் பயனற்றுப் போகும். தூறல் விழும்போல இருந்தால், ஒரு முனையை மடித்து ஒட்டிய ஸ்ட்ரா துண்டைச் சூல்முடிகளின் மேல் தொப்பியாகக் கவிழ்த்துவிடலாம்.

தந்தைச்செடி இன்றும் தாய்ச்செடி நாளையும் பூப்பது அடிக்கடி நேரும். அப்போது தந்தைப்பூவை ஈரமில்லாத டப்பாவில் போட்டுக் குளிர்ப்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் ஒன்றிரண்டு நாள் தாங்கும். வீட்டில் உள்ளவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உடனே, அடுத்த பூவுக்குப் போவதற்கு முன்பே, சீட்டு எழுதிக் கட்டுங்கள். தயிர் டப்பாவை வெட்டிய பிளாஸ்டிக் துண்டில் பென்சிலால் எழுதினால் ஓர் ஆண்டு வெயிலிலும் அழியாது; மார்க்கர் பேனா எழுத்து இரண்டே மாதத்தில் வெளுத்துவிடும். தாயின் பெயரை முதலிலும், பெருக்கல் குறிக்குப் பிறகு தந்தையின் பெயரையும், தேதியையும் எழுதுவது உலகெங்கும் உள்ள வழக்கம். அதையே நோட்டிலும் ஒரு வரியாக எழுதி, அன்றைய வெயில், மழை பற்றியும் இரண்டு சொல் குறித்துவையுங்கள்.

காய்க்காகக் காத்திருத்தல்

ஓரிரு நாளில் வாடிய பூ குழலோடு கழன்று விழும், அது இயல்பு. பிறகு காம்பைப் பாருங்கள். கலப்பு பலிக்கவில்லை என்றால் ஒரு வாரத்துக்குள் காம்பு மஞ்சளாகி எல்லாமே உதிரும். பலித்திருந்தால் காம்பு பச்சையாகவே இருந்து, பத்து நாளில் புல்லி இதழ்களுக்குள் ஒரு பச்சைப் பட்டாணி புடைப்பது தெரியும். அப்போதும் கொண்டாட வேண்டாம். மூன்றாவது வாரத்தில் உதிர்பவையும் உண்டு. சென்ற பருவத்தில் நான் நாற்பது பூக்களுக்கு மகரந்தம் வைத்ததில் முதிர்ந்த காய்கள் ஏழு. அதை நல்ல கணக்கு என்றே சொல்வேன்.

இந்தக் காலத்தில் தாய்ச்செடியை இடம் மாற்றாதீர்கள், தொட்டி மாற்றாதீர்கள், கவாத்துச் செய்யாதீர்கள். மண் ஒரு நாள் காய்ந்து மறுநாள் வெள்ளமாவதுதான் காய் உதிர்வதற்கு முதல் காரணம். ஒரு செடியில் நான்கு ஐந்து காய்களுக்கு மேல் வைக்க வேண்டாம். காய் முதிர ஆறு முதல் ஒன்பது வாரம் ஆகும், மார்கழிக் குளிரில் இன்னும் இழுக்கும். காய் பழுப்பேறத் தொடங்கியதும் ஒரு சிறு வலைப்பையை அதன் மேல் கட்டிவிடுங்கள். காய் வெடிக்கும் வேளை பெரும்பாலும் நாம் அலுவலகத்தில் இருக்கும் வேளையாகத்தான் இருக்கும். அணிலும் அதற்காகவே காத்திருக்கும்.

விதைப்பு

ஒரு காயில் ஒன்றிரண்டு விதையும் இருக்கலாம், இருபதுக்கு மேலும் இருக்கலாம். அவரை விதையைச் சுருக்கிச் செய்தது போன்ற வடிவம், மேலே மெல்லிய மயிர். விதையுறை கெட்டியானது என்பதால், கூர்முனைக்கு எதிர்ப்புறத்தில் உள்ள தடித்த வளைவில் நகவெட்டியால் மிகச் சிறிதளவு கிள்ளி, உள்ளே வெண்மை தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். கூர்முனையின் பக்கம்தான் முளைவேர் இருக்கிறது, அங்கே கை வைக்கக் கூடாது. பிறகு வெதுவெதுப்பான நீரில் ஓர் இரவு ஊறவைத்து, ஈரமான டிஷ்யூ காகிதத்தில் மடித்து, மூடிய டப்பாவில் சீட்டோடு வையுங்கள். 25 முதல் 28 டிகிரி வெப்பம் வேண்டும். டிசம்பர் மாத இரவுகளில் பெங்களூரு வீடுகளுக்குள் அது இருக்காது, ஆகவே என் டப்பாக்கள் வைஃபை பெட்டியின் தலையில் உட்கார்ந்திருக்கும். மூன்றாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும்.

வேர் அரை அங்குலம் வந்ததும், அடியில் துளையிட்ட கப்புகளில் நடவேண்டும். இரண்டு பங்கு தேங்காய் நார்க்கழிவு, ஒரு பங்கு மண்புழு உரம், ஒரு பங்கு பெருமணல் என்பது என் கலவை. நார்க்கழிவில் உப்பு இருக்கும், மூன்று முறை தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே பயன்படுத்துங்கள். நாற்றுகள் அடித்தண்டு கறுத்துச் சாய்வது நாற்றழுகல் நோய். கலவையில் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சைப் பொடியைச் சேர்ப்பதும், மேல்மண் லேசாகக் காய்ந்த பிறகே தண்ணீர் விடுவதும் அதைத் தடுக்கும்.

நாற்று வளர்ப்பும் கழித்தலும்

நாற்று அரையடி வளர்ந்ததும் ஆறு அங்குலத் தொட்டிக்கும், பூக்கும் முன் எட்டு அங்குலத் தொட்டிக்கும் மாற்றலாம். நாள்தோறும் ஐந்து மணி நேர வெயிலாவது வேண்டும். உரத்தில் ஒரு எச்சரிக்கை: பூச்செடி என்றாலே எலும்புத்தூளை அள்ளிப் போடும் பழக்கம் நம்மிடம் உண்டு, ஆனால் செம்பருத்திக்கு மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதிகமானால் ஆகாது. சாம்பல் சத்து (பொட்டாசியம்) மிகுந்த உரத்தைச் சிறிய அளவில் அடிக்கடி கொடுப்பதே சரி. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையே நம்பியிருக்கும் அடுக்குமாடிகளில் நாற்றின் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிவதுண்டு. கடின நீரின் காரத்தன்மையால் செடி இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் போவதன் அடையாளம் அது. மழைநீரை ஒரு டிரம்மில் பிடித்துவைத்து நாற்றுகளுக்கு மட்டும் ஒதுக்கினால் இந்தத் தொல்லை பெருமளவு தீரும்.

எல்லா நாற்றையும் வைத்துக்கொள்ள மாடியில் இடம் இருக்காது, இருந்தாலும் வைத்துக்கொள்ளக் கூடாது. ஆறாம் மாதத்தில் முதல் கழிவு: வளராமல் நிற்பவை, பூச்சிக்கு எப்போதும் முதலில் இரையாகுபவை, கிளை விடாமல் ஒற்றைக்குச்சியாக நீள்பவை. பூத்த பிறகு இரண்டாவது கழிவு, ஆனால் முதல் பூவைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். முதல் இரண்டு மூன்று பூக்கள் சிறுத்தும் கோணலாகவும் வருவது சகஜம். குளிர்மாதத்தில் நிறம் ஆழமாகவும் பூ பெரிதாகவும் இருக்கும் செடி, ஏப்ரலில் அடையாளமே தெரியாமல் வெளுத்துப்போகலாம். ஆகையால் ஓர் ஆண்டுச் சுற்று முழுவதும் பார்த்து, மாதம் ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கழிக்கும்போது எனக்கு நானே கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இதை நர்சரியில் நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கியிருப்பேனா? இல்லை என்றால் செடி போய்விட வேண்டும். சும்மா தூக்கி எறிய மனம் வராதவர்கள் பக்கத்துப் பள்ளிக்கோ கோயிலுக்கோ கொடுக்கலாம். கோயிலில் நிறத்தை யாரும் குறை சொல்லப்போவதில்லை. நல்ல வலிமையும் சுமாரான பூவும் கொண்ட ஒன்றிரண்டை மட்டும் அடுத்த தலைமுறைக்குத் தாயாக வைத்துக்கொள்வதுண்டு. நான் தேடிய மஞ்சள் முதல் தலைமுறையில் வரவில்லை, அப்படி நிறுத்திவைத்த இரண்டு உடன்பிறப்புகளைக் கலந்தபோதுதான் வந்தது.

பெயரும் பெருக்கமும்

தேறும் வரை ஒவ்வொரு நாற்றுக்கும் எண் மட்டுமே போதும். ஆண்டு, கலப்பு வரிசை, நாற்று வரிசை என 23-07-4 என்பது போல எழுதலாம். பெயர் வைத்துவிட்டால் கழிக்க மனம் வராது. தேறிய பிறகு முறையாகப் பதிவு செய்ய விரும்பினால், ரோசா-சைனென்சிஸ் ரகப் பெயர்களுக்கான பன்னாட்டுப் பதிவை ஆஸ்திரேலியச் செம்பருத்திச் சங்கம் கவனிக்கிறது. அதற்குப் பெற்றோர் விவரமும் பூவின் அளவும் படமும் வேண்டும், நோட்டுப் புத்தகம் அங்கே கைகொடுக்கும். ஏற்கனவே பதிவான பெயரை மறுபடி வைக்க முடியாது.

விதை மூலம் இந்த ரகம் ஒருபோதும் அப்படியே திரும்ப வராது, குச்சி வழியாகத்தான் பெருக்க வேண்டும். பென்சில் தடிமனுள்ள, அரைப்பங்கு முதிர்ந்த கிளையில் ஐந்தாறு அங்குலத் துண்டை வெட்டி, மேல் இரண்டு இலைகளைப் பாதியாக நறுக்கி, மணலும் நார்க்கழிவும் கலந்த கலவையில் நட்டு, மேலே பிளாஸ்டிக் உறையைக் கவிழ்த்து நிழலில் வைத்தால், ஆறு வாரத்தில் வேர் பிடிக்கும். பிடிக்காத ரகங்களுக்குத்தான் நாட்டுச் செம்பருத்தி. வேர் விட்ட ஓர் ஆண்டுச் செடியின் தண்டைப் பிளந்து, ஆப்பு போலச் சீவிய நம் குச்சியை, இரண்டின் பட்டைகளும் ஒரு பக்கமாவது நேராகப் பொருந்தும்படி செருகி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிச் சுற்றினால், மூன்று நான்கு வாரத்தில் புதுத்தளிர் வரும்.

எந்த முறையில் செய்தாலும் ஒன்றை உங்களிடம் வைத்துக்கொண்டு, குறைந்தது இரண்டை வேறு இரண்டு வீடுகளில் கொடுத்துவையுங்கள். என்னுடைய மஞ்சள் செம்பருத்தியின் தாய்த்தொட்டி, நான் பத்து நாள் ஊருக்குப் போயிருந்த ஓர் ஏப்ரலில், சொட்டுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டதால் காய்ந்து விறகாகிவிட்டது. திரும்பி வந்த அன்றே மல்லேஸ்வரம் போனேன். கொடுத்துவைத்திருந்த ஒட்டுச்செடி, தன் பாட்டிச் செடிக்கு இரண்டடி தள்ளி, பதினோரு மொட்டுகளோடு நின்றது. அந்தப் பாட்டி, “குச்சிதானே, வெட்டிக்கோ” என்று சொல்லிவிட்டு, முன்பு போலவே பூவை மட்டும் விட்டுவிடச் சொன்னார்.